தோஹாவுக்குப் போன பொங்கல் பானை

மன்னார்குடி கூரியர் கடையில் பழுப்பு டேப்பைச் சர்ரென்று இழுத்துக்கொண்டே அந்தப் பெண் கேட்டார். "உள்ள அரிசி, நெல்லு எதுவும் இல்லையேங்க?" தோஹாவில் இருக்கும் என் தங்கைக்கு முறுக்கும் ஒரு சேலையும்தான் அனுப்பினேன். இல்லை என்று சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் டேப்பை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்க வேண்டியதுதான். எங்கள் குடும்பத்தின்மேல் இதில் பழைய கேஸ் ஒன்று உண்டு.

அது தங்கைக்குக் கல்யாணமாகி வந்த முதல் பொங்கல். தலைப்பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீர் போகாமல் இருக்க முடியுமா? அதுவும் அவளுடைய மாமியார் அந்த நேரம் பார்த்து தோஹாவுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். "சீர் கெளம்பிடுச்சான்னு அத்தை தெனமும் கேக்குறாங்கண்ணே" என்று போனில் சொல்லும்போது தங்கையின் குரல் இறங்கிவிடும். அவர் முன்னால் இவள் தலைகுனியக் கூடாது. எங்களுக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

பாத்திரக்கடை பாயிடம் வெண்கலப் பானை வாங்கினோம். கரும்பை முழுசாக அனுப்ப வேண்டும் என்றார் அப்பா. விமானத்தில் அதை எங்கே சாத்தி வைப்பார்கள் என்று நினைத்தாரோ! புது அரிசிதான் பெரிய சிக்கல். பொங்கலுக்குள் போய்ச் சேர மார்கழி பிறந்ததுமே பெட்டி கிளம்பியாக வேண்டும். வயலிலோ கதிர் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. அரிசியை அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும் என்று பானையையும் சேலையையும் மட்டும் கட்டி அனுப்பினேன்.

பெட்டி சென்னையைத் தாண்டவில்லை. தானியம் இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். இல்லவே இல்லை என்று கூரியர் கடையில் சத்தம் போட்டேன். பிரித்துப் பார்த்தால் பானைக்குள் ஒரு பிடி குறுவை நெல், துணியில் முடிந்து கிடந்தது. அப்பா கொஞ்சமும் அசரவில்லை.

"வெறும் பானையை யாராச்சும் பொண்ணுக்கு அனுப்புவாங்களாடா?"

பொங்கல் நெருங்கிவிட்டது. இனிமேல் கூரியரை நம்ப முடியாது. அப்போதெல்லாம் இதற்கு இன்னொரு வழி இருந்தது. "ஆள் யாராச்சும் போறாங்களா?" என்று கேட்பதுதான். டீக்கடை, சலூன், பள்ளிவாசல் தெரு என்று கேட்டுக்கொண்டே போனால் எங்கோ ஒருவருக்கு லீவு முடிந்திருக்கும். பானை விற்ற பாயின் மகன் சாதிக்குக்கே முடிந்திருந்தது. போகிக்கு முதல் நாள் தோஹா கிளம்புகிறார் என்றார்கள். எனக்கு அவரை முன்பின் தெரியாது.

அதற்குள் மேட்டு வயலில் ஒரு மூலை பழுத்துவிட்டது. அப்பா அதை மட்டும் அறுத்துக் காயவைத்து அரிசியாக்கினார். பானை, சேலையோடு ஒரு மஞ்சள் கொத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். சாதிக்கின் பெட்டி எடை கூடிப்போயிற்று. அவர் தன் அம்மா போட்டுக் கொடுத்த ஊறுகாய் பாட்டில்களை வெளியே எடுத்து வைத்தார்.

"உம்மா பாக்கறதுக்குள்ள மூடுங்கண்ணே."

பொங்கலன்று காலையில் தங்கை கூப்பிட்டாள். "சாதிக் அண்ணன் நேத்து பானையைக் கையிலயே தூக்கிக்கிட்டு வந்து வாசல்ல நின்னாங்க. இவரும் உங்கண்ணனான்னு அத்தை கேட்டாங்க. ஆமான்னுட்டேன்."

போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அரிசி நல்லாக் கொழைஞ்சுதாம்மா?"

இப்போது தோஹாவில் கரும்பிலிருந்து மஞ்சள் கொத்துவரை எல்லாம் கடையிலேயே கிடைக்கிறது. ஆள் போகிறார்களா என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. கேட்டால், எதையாவது கொடுத்து வம்பில் மாட்டிவிடுவோமோ என்று பார்க்கிறார்கள். கூரியரும் சொன்ன நாளில் போய்விடுகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

முறுக்குப் பெட்டியும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. கொடுத்தாயிற்று என்று செல்போனில் செய்தி வந்தது, கூடவே ஒரு படம். மூடிய கதவு, அதன் முன்னால் தரையில் என் பெட்டி. இவரும் உங்கள் அண்ணனா என்று கேட்கும்படி வாசலில் யாரும் நிற்கவில்லை.