கால் பட்ட புத்தகம்

சந்தேகம் என் கூடப் பிறந்தது. காய்காரர் கொசுறாக ஒரு பிடி கொத்தமல்லி போட்டாலே, வாங்கிய தக்காளியைப் புரட்டிப் பார்ப்பவள் நான். அப்படிப்பட்டவள் விழுப்புரத்துப் புடவைக்கடை வேலையை விட்டுவிட்டு, திண்டிவனத்தில் ரோபோ ஓட்டப் போனேன். ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தால் பர்மனன்ட் என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் போனேன்.

செல்போன் கடைக்கு மேலே மாடி. கண்ணுக்கு ஒரு கண்ணாடி, கைக்கு ஒயர் வைத்த கையுறை. இங்கே நான் கையை நீட்டினால் அமெரிக்காவில் ஏதோ ஒரு வீட்டில் ரோபோ கையை நீட்டும். அவர்கள் தூங்கும் நேரம் நமக்குப் பகல். பாத்திரம் கழுவுவேன், துணி மடிப்பேன், குழந்தை இறைத்துப் போட்ட பொம்மைகளைப் பொறுக்குவேன். என் வீட்டு எச்சில் தட்டு கிளியனூரில் காய்ந்துகொண்டிருக்கும்.

கணக்குதான் உதைத்தது. ஒரு வீட்டுக்கு ஓர் ஆள், ஏசி, வேன், இரண்டு வேளை டீ. அமெரிக்காக்காரர்கள் கட்டுவதோ சொற்பம் என்று மேற்பார்வை பார்க்கும் மேடமே சொன்னார். நஷ்டத்துக்கு யாராவது கடை நடத்துவார்களா? "கை வலிச்சா ரெஸ்ட் எடுத்துக்கோங்க" என்று அவர் குழையும்போதெல்லாம், ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் எனக்கு நினைவுக்கு வரும். வீட்டில் சொன்னால் என் கணவர் எரிந்து விழுவார். "சம்பளம் ஒழுங்கா வருதில்ல? பேஜாரு பண்ணாம போய்க்கினு இரு."

ஒருநாள் ரோபோவின் சக்கரம், தரையில் கிடந்த படப்புத்தகத்தின் மேல் ஏறிவிட்டது. குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ரோபோவும் ஒற்றிக்கொண்டது.

"என்னா பண்றீங்க?" என்று மேடம் ஓடி வந்தார்.

"புக்கு மேல கால் பட்டுடுச்சுங்க மேடம்."

"அது உங்க காலா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் அதற்கப்புறமும் புத்தகம் மிதிபடும்போதெல்லாம் கை தானாகப் போகும். என்ன செய்தும் நிறுத்த முடியவில்லை.

ஆறாம் மாதம் விழுப்புரம் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். பர்மனன்ட் ஆர்டர்தான் என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரே ஒரு பெண், வரிசையாக வைத்த திரைகளின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி இல்லை, கையுறை இல்லை. திரைகளில் ரோபோக்கள் தாமாகவே துணி மடித்துக்கொண்டிருந்தன. ஒன்றின் சக்கரம் கீழே கிடந்த புத்தகத்தில் ஏறியது. உடனே அது குனிந்து, புத்தகத்தைத் தொட்டு, கேமரா இருக்கும் இடத்தில் கையை ஒற்றிக்கொண்டது.

திரையை ஒட்டிப் போய் நின்றேன். "அது ஏம்மா அப்பிடி பண்ணுது?"

"திண்டிவனத்துல யாரோ பண்ணத பாத்துக் கத்துக்கினு இருக்குதுக்கா. அத மட்டும் எடுத்துடுவாங்க. மத்ததெல்லாம் சூப்பரா பண்ணுது. அதான் அந்த மாடிய இந்த மாசத்தோட மூடுறாங்க. உங்களுக்குச் சொல்லலியா?"

நஷ்டத்துக்கு நடந்த கடையில் எது சரக்கு என்று அப்போதுதான் புரிந்தது. சந்தேகப்பட்டே வளர்ந்தவளுக்கு இது புத்தியில் படவில்லையே என்று ஆத்திரமாக வந்தது.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது கணவர் போன் செய்தார்.

"என்னா, பர்மனன்ட் ஆய்ட்டியா?"

"என் கை ஆய்டுச்சு," என்றேன். "நான்தான் ஆகல."