மாமரத்தடியில் வைத்த பெயர்

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு எர்ணாகுளத்தில் ஒரு பழைய கட்டடமும் ஒரு மாமரமும் அளவுக்கு மீறிய பெருமையும் இருந்தன. ஓணத்துக்கு பிராட்வேயில் ஒரு துணிக்கடைக்குள் நிற்கும் கூட்டம்கூட எல்லாத் துறைகளையும் சேர்த்தால் தேறாது. ஆனால் வாயைத் திறந்தால் பாரம்பரியம். நூலகத்தில் மழை ஒழுகும், புத்தகங்கள் மேல் தார்ப்பாய் போட்டிருப்பார்கள். அதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

பாரம்பரியம் என்று அவர்கள் சொன்னது பெயர் சூட்டும் சடங்கை. புதிதாகச் சேர்ந்தவர்களை முதல் வாரத்தில் மாமரத்தடியில் வரிசையாக நிறுத்தி, சீனியர்கள் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துத் தலையில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றுவார்கள். படிப்பு முடியும்வரை அந்தப் பெயர்தான். உலக இலக்கியம் படித்தவர்களுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. குள்ளமானவன் 'கட்டை', ஒல்லியானவள் 'குச்சி'. எனக்கு முன்னால் நின்ற பெண் நல்ல கறுப்பு. அவளுக்கு 'சீனச்சட்டி' என்று வைத்தார்கள். வாணலிக்கு இங்கே அதுதான் பெயர். அவள் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

என் முறை வந்தது. பெயர் வைத்தவன் தாடிக்காரன், கதர் ஜிப்பா போட்டவன், மேடையேறினால் மனித விடுதலைக்குக் குறைந்து பேசமாட்டான்.

"வீடு எவிடெ?" என்று கேட்டான்.

"மட்டாஞ்சேரி."

"வீட்டில் என்ன பாஷை?"

"தமிழ்."

அதற்குமேல் அவன் மூளையை வருத்திக்கொள்ளவில்லை. "பாண்டி" என்றான். தமிழர்களை மட்டம் தட்ட இங்கே காலங்காலமாகக் கிடக்கும் சொல். தண்ணீர் கழுத்து வழியாக இறங்கியது. எங்கள் குடும்பம் மட்டாஞ்சேரிக்கு வந்து நான்கு தலைமுறை ஆகியிருந்தது. அவனோ மலைப்பக்கத்திலிருந்து படிக்க வந்தவன், மட்டாஞ்சேரிக்கு எந்தப் படகுத்துறையில் ஏறவேண்டும் என்றுகூடத் தெரியாதவன். ஆனாலும் வந்தேறி நான்தான்.

வீட்டில் சொன்னேன். அம்மா மீன்சட்டியை இறக்கிவைத்துவிட்டு, "விட்டுக் களை, போகட்டும். நீ படிக்கப் போனியா, சண்டைக்குப் போனியா?" என்றாள். சண்டை போடவில்லை. அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று மட்டும் முடிவு செய்தேன்.

சொல்வதற்குச் சுலபம். சாயா குடிக்க எல்லோரும் எழுந்து போவார்கள், "பாண்டி, வாடி" என்று கூப்பிடுவார்கள், நான் உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நாளில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்த சீனச்சட்டி ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு மட்டும் பிடிச்சா இருக்கு? சிரிச்சிட்டா சீக்கிரம் தீர்ந்துடும்."

எங்கள் இளம் விரிவுரையாளர் ஒருவர் அங்கேயே படித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர். மாணவர்களோடு மாணவராக இருப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு. வருகை எடுக்கும்போது பட்டப்பெயர்களையே வாசிப்பார். "பாண்டி" என்பார். அவர் கண்ணெதிரே முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், வாய் திறக்கமாட்டேன். அவரும் விடாமல் 'ஆப்சென்ட்' போட்டுக்கொண்டே வந்தார். தேர்வு நெருங்கியபோது வருகை போதாது என்று அறிவிப்புப் பலகையில் என் பெயர் வந்தது. அங்கே மட்டும் சொந்தப் பெயர்.

துறைத்தலைவர் கூப்பிட்டார். கண்டிப்பானவர், வெள்ளை வேட்டி. அவரும் இதே மாமரத்தடியில் நனைந்தவர்தான்.

"வகுப்புக்கு வராமல் எங்கே போகிறாய்?"

"தினமும் வருகிறேன் சார். என் பெயரைக் கூப்பிடவில்லை."

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "இதெல்லாம் இங்கே ஒரு பாரம்பரியம் குட்டி. ஸ்போர்ட்டிவாக எடுத்துக்கணும்."

"அப்போ சாரை நான் மாக்ரி சார் என்று கூப்பிடலாமா?"

மாக்ரி என்றால் தவளை. முன்னொரு காலத்தில் அவருக்கு வைத்த பெயர், கேன்டீனில் இன்றும் அதுதான் வழக்கு. அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"யார் சொன்னது?"

"எல்லோரும் சொல்வார்கள் சார்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, என் முகத்தைப் பாராமல், "நீ போ. வருகையை நான் சரிசெய்கிறேன்" என்றார். மறுநாள் விரிவுரையாளர் என் சொந்தப் பெயரை, நாக்கில் முள் குத்தியதுபோல வாசித்தார். "உண்டு சார்" என்றேன். மற்றவர்களுக்குப் பட்டப்பெயர்தான் தொடர்ந்தது. துறைத்தலைவருக்குத் தன் மானம்தான் பெரிதாகப் பட்டதே தவிர, பாரம்பரியத்தின்மேல் கை வைக்க மனம் வரவில்லை.

அடுத்த வருஷம் மாமரத்தடியில் புதியவர்கள் நின்றார்கள். கோப்பையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றியது சீனச்சட்டி. திக்கிப் பேசிய ஒருவனுக்கு 'ரேடியோ' என்று அவளே பெயர் வைத்தாள், கைதட்டலும் வாங்கினாள். நான் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் படகைப் பிடிக்கப் போனேன்.

சென்ற மாதம் பழைய மாணவர்கள் கூடினோம். எனக்குப் பெயர் வைத்தவனின் தாடி நரைத்துவிட்டது. அவன் இப்போது டி.வி. விவாதங்களில் வடநாட்டுத் தொழிலாளர்களின் மானத்துக்காகக் குரல் கொடுக்கிறவன். மைக்கைப் பிடித்து, "இன்றைய பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் புகார் கொடுக்கிறார்கள். அந்த ஆத்மபந்தம் அவர்களுக்குப் புரியாது" என்று கண்ணைத் துடைத்தான். பிறகு ஒவ்வொருவருக்கும் பட்டப்பெயர் அச்சடித்த பனியன் கொடுத்தார்கள். என்னுடையதை மேஜைமேல் வைத்துவிட்டு பிரியாணி சாப்பிட உட்கார்ந்தேன்.

சீனச்சட்டி மட்டும் பெருமையாக சுரிதாருக்கு மேலேயே போட்டுக்கொண்டாள். மேடையேறி ஆடினாள். "இன்னும் அதே வாசி உனக்கு" என்று என் பிடிவாதத்தைக் கேலி செய்தாள். குழுப்படம் எடுக்க எல்லோரும் நின்றபோது என் பக்கத்தில் வந்து, துப்பட்டாவை விரித்து நெஞ்சின் எழுத்துகளை மூடிக்கொண்டாள்.

"ஏன்?" என்றேன்.

"வாட்ஸ்அப் குரூப்பில் போடுவாங்க. பெத்த மோள் பார்த்தா என்னன்னு கேட்பா."

படமெடுப்பவன் சிரிக்கச் சொன்னான். அவள் சிரித்தாள்.