கழுகுகளுக்கு விட்ட எருது

நகரத்தில் மண்டி மொஹல்லா என்கிற பேட்டையில் நான் வைத்திருப்பது மாட்டு மருந்துக் கடை. டைக்ளோஃபெனாக் என்கிற வலி ஊசியை நானே பெட்டி பெட்டியாக விற்றிருக்கிறேன். நொண்டுகிற மாடு மறுநாளே எழுந்து நடக்கும். வாங்கினவர்கள் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்த மருந்து ஏறிய மாடு செத்தால், அதைத் தின்கிற பிணந்தின்னிக் கழுகு சிறுநீரகம் கெட்டுச் சாகும் என்பது எனக்குத் தெரியாது. மாட்டுக்கு அதைத் தடை செய்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் எங்கள் சொந்த ஊரான ஹனூர்ப் பக்கம் கழுகையே காணோம்.

தெரியாமல் செய்ததுதான், ஆனாலும் மனசு கேட்பதில்லை. கழுகுகளைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபடுகிறவர்கள் கொடுத்த கழுகுப் படத்தைக் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். அதே மருந்து மனிதர்களுக்கு இன்னும் உண்டு. அதை மாட்டுக்குக் கேட்டு வருகிறவர்களிடம் பிரசங்கம் செய்வேன். பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். போகட்டும்.

போன வருஷம் கேட்டு வந்தவர் என் அக்காவின் கணவர். ஹனூரில் விவசாயம். அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுதான் நான் படித்தேன். அவரிடம் பிரசங்கம் எடுபடாது. கிழட்டு எருது இரண்டு நாளாகப் படுத்தே கிடக்கிறது, பழைய ஊசிதான் வேண்டும் என்றார். நான் கழுகுக்குக் கெடுதல் செய்யாத மெலாக்ஸிகாமை எடுத்து வைத்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன் மாப்ளே, இல்லாத கழுகுக்காக இருக்கற எருத சாவடிப்பியா?"

 பழைய ஊசியை நான் கொடுக்கவில்லை. முணுமுணுத்தபடி புது ஊசியையே வாங்கிப் போனார்.

நாலாம் நாள் எருது செத்துப்போனது. வயசாகிவிட்டது, எந்த ஊசி போட்டிருந்தாலும் பிழைத்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம். மச்சான் போனில் என்னைத் திட்டவில்லை. புதைக்காமல் காட்டோரத்து மேட்டில் போட்டிருப்பதாகவும், என் கழுகுகளை வரச்சொல்லும்படியும் சொன்னார். குத்திக்காட்டினாரா, நிஜமாகவே சொன்னாரா என்று புரியவில்லை. மறுநாள் கடையைத் திறக்காமல் முதல் பஸ் பிடித்தேன்.

இருவரும் அந்த மேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம். காக்கைகள் வந்தன. நாய்கள் வந்து வயிற்றைக் கிழித்தன. அண்ணாந்து பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது. அவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. சாயங்காலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"கறியில வெசமில்ல மாப்ளே. திங்கத்தான் ஆளில்ல."