கதிரையில் இருக்கப் பழகிய மூன்று கிழமைகள்

தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியில் நாங்கள் இருந்த ஊரில், பல்லரோ சந்தைக்குப் பக்கத்துத் தேவாலய மண்டபத்தில் ஓர் அறிவித்தல் தொங்கியது. அந்தப் பகுதி ஆட்கள் சேர்ந்து பழைய ரஷ்ய நாடகம் ஒன்றைப் போடப்போகிறார்கள்; வெளிநாட்டவரும் நடிக்க வரலாம்; தேர்வுக்குத் தனியே பேசும் பகுதி ஒன்றும் இருவர் பேசும் காட்சி ஒன்றும் நீங்களே தெரிந்தெடுத்து வாருங்கள். மரக்கறிப் பையோடு நின்று அதை மூன்று தரம் வாசித்தேன். நாற்பத்தைந்து வயதில் மனிதனுக்கு வரக்கூடிய வியாதிகளில் இதுவும் ஒன்று.

நாடகத்தின் இத்தாலியப் பிரதியை வாங்கி வந்து வீட்டில் விரித்தேன். நாட்டுப்புறத்தில் ஒரு பெரிய வீடு. வீட்டுக்காரர் முதல் விருந்தினர் வரை எல்லோரும் வேலைக்காரன் கொண்டுவரும் தேநீரைக் குடித்தபடி தங்கள் வாழ்க்கை வீணாகிவிட்டதென்று கவலைப்படுகிறார்கள். ஒருவரும் வேலைக்குப் போவதில்லை. கவலைப்பட நேரம் இருந்தது.

முதலில் காதலைச் சொல்லும் வைத்தியரின் பேச்சை எடுத்தேன். குளியலறைக் கண்ணாடியில் பார்த்தால் பல்வலிக்காரன் நின்றான். பிறகு இராணுவ அதிகாரி. அவர் குரலை உயர்த்திய இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார்.

"என்னப்பா, அந்த வேலைக்காரன்ர பாத்திரத்தை எடுங்கோவன்," என்றாள் மனைவி. "எட்டு வரிதானே. உங்களுக்குப் பழகவும் தேவையில்லை."

"அதுதான் வேண்டாம் எண்டுறன்."

"அப்ப எதை எடுக்கப்போறியள்?"

"வீட்டுக்காரன்ரை. ரெண்டு பக்கம்."

"ரெண்டு பக்கமோ? சந்தையில ரெண்டு கிலோ தக்காளி கேக்கவே உங்களுக்கு வேர்க்குது."

சிரித்தேனே தவிர, எனக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை. ஆறு வருடமாக ஒரு சின்யோராவின், அதாவது ஓர் இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலை. எனக்குத் தெரிந்த இத்தாலியன் பாஷை முழுவதும் மறுமொழிகள்: ஓம் சின்யோரா, இதோ சின்யோரா, முடிந்தது சின்யோரா. பகலெல்லாம் செய்வதை மேடையிலும் செய்ய மனமில்லை. ஒரு தடவையாவது கதிரையில் இருந்து இரண்டு பக்கம் பேச வேண்டும். இந்த ஊர் ஆட்கள் அதைக் கேட்க வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை, சின்யோரா வீட்டில் சட்டைகளுக்கு அயர்ன் போட்டபடி பாடமாக்கிக்கொண்டிருந்தேன். "இந்த வீட்டில் என் வாழ்க்கை வீணாய்ப் போய்விட்டது" என்ற வரியை உணர்ச்சியோடு சொல்லி நிமிர்ந்தால், வாசலில் சின்யோரா. என் வயதுதான் அவருக்கு. முகம் வெளுத்திருந்தது.

"என்ர வீட்டிலயோ?" என்றார். இத்தாலியனில்தான், எனக்குத் தமிழில்தான் ஞாபகம்.

"இல்லை சின்யோரா. ரஷ்யாவில."

பிரதியைக் காட்டினேன். நின்றபடியே வாசித்தார். உச்சரிப்பில் நான் செய்த நாலு கொலைகளைத் திருத்தினார். பிறகு, "இருவர் பேசும் காட்சி எது?" என்று கேட்டார். வேலைக்காரன் தேநீர் கொண்டுவருவான். வீட்டுக்காரர் நிமிர்ந்தும் பார்க்காமல், ஆறிவிட்டது, கொண்டுபோ என்பார். அதைத்தான் தெரிந்தெடுத்திருந்தேன்.

"அப்ப நீங்கள் போய் இருங்கோ. தேநீர்த் தட்டை நான் கொண்டுவாறன்," என்றார்.

அவருடைய வரவேற்பறைக் கதிரைகளை ஆறு வருடமாகத் துடைத்திருக்கிறேன். ஒன்றிலும் இருந்ததில்லை. நுனியில் இருந்தேன். தட்டோடு அவர் வாசலில் தெரிந்ததும் கால்கள் தாமாக எழும்பின. ஓடிப்போய்த் தட்டையும் வாங்கிவிட்டேன்.

"மறுபடி," என்றார்.

மறுபடி எழும்பினேன். மூன்று கிழமை, வேலை முடிந்ததும் இதே கூத்து. தேநீரை நானே போடுவேன், தட்டில் வைத்து அவர் கையில் கொடுப்பேன், முன்னால் ஓடிப்போய்க் கதிரையில் வீட்டுக்காரனாக இருப்பேன். நானே போட்ட கொதிக்கிற தேநீரை ஆறிவிட்டதென்று சொல்ல நா வரவில்லை.

"என்னைப் பாக்காதேங்கோ," என்பார். "நான் உங்கட வேலைக்காரி. கோபமாச் சொல்லுங்கோ."

"ஓம் சின்யோரா," என்பேன்.

"வேலைக்காரியை ஆரும் சின்யோரா எண்டு கூப்பிடுவினமோ?"

மூன்றாம் கிழமைதான் எழும்பாமல் இருந்தேன். அவர் தட்டை வைத்துவிட்டுத் தலை குனிந்து திரும்பிப் போனார்.

தேர்வு ஒரு சனிக்கிழமை பின்னேரம். நெறியாள்கை செய்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. வேலைக்காரனாக மீசைக்கார மெக்கானிக் ஒருவர் தேநீர் கொண்டுவந்தார். கதிரையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன், எழும்பவில்லை. ஆறிவிட்டது, கொண்டுபோ என்றேன். கொண்டுபோனார். என் வாழ்க்கையில் ஓர் இத்தாலியர் நான் சொல்லி ஒன்றைக் கொண்டுபோனது அதுதான் முதல் தடவை.

பிறகு தனியே பேசும் பகுதி. முதல் பக்கம் நன்றாகவே போனது. இரண்டாம் பக்கத்தின் தலையில் எல்லாம் நினைவிலிருந்து அழிந்துவிட்டது. மண்டபம் காத்திருந்தது. முதுகில் வேர்வை ஓடியது. அந்த நேரத்தில் எனக்குப் பாடமாயிருந்த பெரிய வீட்டுப் புலம்பல் ஒன்றே ஒன்றுதான்: சின்யோரா ஒவ்வொரு குளிர்காலமும் தொலைபேசியில் சொல்வது. சுவரெல்லாம் ஈரம், குழாய் திருத்துகிறவன் நாளைக்கு நாளைக்கு என்கிறான், இந்த வீடு எனக்கு முன்னாலேயே செத்துவிடும். அப்படியே ஒப்புவித்தேன், பெருமூச்சுகளோடு. மண்டபம் சிரித்தது, பிறகு அமைதியானது. அந்த அமைதிக்குள் மிச்ச வசனம் திரும்பி வந்தது.

ஆசிரியை பிரதியைப் புரட்டினார். "குழாய்க்காரன் இதில இல்லையே."

"இல்லை."

"இருக்கட்டும். வீட்டுக்காரன் நீங்கள்தான்."

தெருமுனைத் தொலைபேசிக்கு ஓடினேன். சின்யோராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், குழாய்க்காரனைத் திருடியது உட்பட. நெடுநேரம் சிரித்தார். அவருக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த எந்த மறுமொழியும் பொருந்தவில்லை. தன் வீட்டில், தன் காலால், தலை குனிந்து எனக்காக எத்தனை தடவை தட்டோடு நடந்திருப்பார். ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரும் வைக்கவில்லை.