கார் கூரையில் வைத்த பெட்டி

மார்லிஸ் ஹெக்ஸ்டாட் பதினான்கு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். நாற்பது பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் கத்துவார்கள். தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் பார்த்தபடியே ஓர் அதட்டல் போட்டால் அடங்கிவிடுவார்கள். அத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையைக்கூட அவள் தவறவிட்டதில்லை. முகத்துக்கு நேரே நின்று பேசவேண்டி வந்ததும் இல்லை.

நாற்பத்தேழு வயதில் ஆங்கிலத்தில் முதுகலை படிக்கச் சேர்ந்தாள். அந்தத் துறையில் அவளைப்போலப் பத்துப் பேர். படிப்புக்குக் கட்டணம் கிடையாது; அதற்குப் பதிலாக முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும். முதல் நாள் கரும்பலகையில் தன் பெயரை எழுதி முடித்தவள், திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் அதற்குக் கீழே ஒரு கோடு போட்டாள். பிறகு இன்னொரு கோடு. முதுகுக்குப் பின்னால் இருபத்திரண்டு பேர் காத்திருந்தார்கள்.

டிசம்பர் வரை எப்படியோ ஓட்டிவிட்டாள். பருவம் முடிகிற வாரம் செவ்வாய்க்கிழமை, மாணவர்கள் அந்தப் பருவத்தில் எழுதியதையெல்லாம் ஆளுக்கொரு கோப்பில் வைத்துக் கொடுத்தார்கள். வியாழக்கிழமை அவளைப்போன்ற உதவியாசிரியர்கள் எல்லோரும் ஒரு நீளமேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் வகுப்பின் கோப்புகளை இன்னொருவர் படித்துத் தேர்ச்சி போடுவார்கள். கோப்பு இல்லாதவனுக்குத் தேர்ச்சி இல்லை.

இருபத்திரண்டு கோப்புகளையும் ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு காருக்கு வந்தாள். முன்கண்ணாடியில் பனி இறுகியிருந்தது. பெட்டியைக் கூரைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் சுரண்டினாள். விரல் மரத்துப்போனது. உள்ளே ஏறி, ஹீட்டரைப் போட்டு, பதினொரு மைல் தள்ளியிருந்த வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

வாசலில் இறங்கிப் பின்கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. கூரைமேல் வைத்த பெட்டியை உள்ளே எடுத்து வைக்கவே இல்லை; இப்போது கூரையிலும் அது இல்லை.

வந்த வழியே திரும்பினாள். நாலாவது மைலில், சாலையோரப் பள்ளத்தில் பெட்டி பிளந்து கிடந்தது. காற்று வடக்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. அந்தச் சமவெளியில் அதைத் தடுக்க ஒரு மரம் கிடையாது. வெள்ளைப் பனியில் வெள்ளைத் தாளை எங்கே போய்த் தேடுவது? இடுப்பளவு பனியில் இறங்கி, முள்கம்பியில் மாட்டியிருந்ததை எடுத்தாள். அறுவடை முடிந்த வயலுக்குள் ஓடினாள். வெளிச்சம் போவதற்குள் ஏழு கோப்புகள் தேறின.

காருக்குள் உட்கார்ந்து பெயர்களைப் பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். ட்வைலாவின் பெயர் இல்லை.

ட்வைலா கடைசி வரிசையில் உட்காரும் பெண். பருவம் முழுக்க ஒரே கட்டுரையைத்தான் திரும்பத் திரும்ப எழுதினாள். ஏணியில் ஏறிக் கோதுமைக் கிடங்குக்குள் இறங்கிய அவள் அண்ணன், தானியத்துக்குள் அமிழ்ந்து இறந்துபோனதைப் பற்றி. அவள் எழுத மறுத்தபோது, எழுதச் சொல்லி ஊக்கம் கொடுத்தது மார்லிஸ்தான். ட்வைலா தன் சித்தியின் பழைய தட்டச்சுப்பொறியில் அடித்த ஒரே பிரதி அது. அதற்கு முன் கையால் எழுதிய பிரதிகளும் அதே கோப்பில்தான்.

மறுநாள் காலை, உதவியாசிரியர்களுக்கான அடித்தள அறையில், அவளோடு பாடம் எடுக்கும் கார்வினிடம் சொன்னாள். இருபத்துநாலு வயது, தாடிக்காரன், அவளுடைய மேஜைக்கு எதிர்மேஜை.

"கார் மேலயா வெச்சீங்க? இந்தக் குளிர்லயே பொறந்து வளர்ந்த ஆளு நீங்க!" என்று சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "சரி சரி, கேளுங்க. குழாய் உடைஞ்சு எல்லாம் நனைஞ்சு கூழாயிடுச்சுன்னு சொல்லிடுங்க. இந்த அறையில வாரத்துக்கு ஒரு தடவை உடையுது. யாரு நம்பமாட்டாங்க?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"வேலை போயிட்டா படிப்பும் போயிடும் மார்லிஸ். அப்புறம் திரும்பவும் பஸ்ஸுதான்."

மாடிப்படி ஏறும்போது அந்தப் பொய்யை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். கட்டுரை வகுப்புகளின் இயக்குநர் டாக்டர் பிராண்ட்வோல்ட் அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே போய் நின்றாள். "குழாய்" என்று ஆரம்பித்தாள். அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தக் குழாய்?"

"குழாய் இல்லீங்க. கார்" என்றாள் மார்லிஸ். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

டாக்டர் பிராண்ட்வோல்ட் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "கோப்பு தொலைஞ்சுபோன பதினஞ்சு பேரும் வெள்ளிக்கிழமை வகுப்புல உட்கார்ந்து மூணு மணி நேரம் புதுசா எழுதட்டும். திங்கட்கிழமை படிப்போம்" என்றார். "ஆனா விஷயத்தை நான் சொல்லமாட்டேன். நீங்கதான் அவங்ககிட்ட சொல்லணும்."

"என் வேலை...?"

"அதை இப்ப பேச வேண்டாம்."

வியாழக்கிழமை வகுப்புக்கு முன்னால் கழிப்பறையில் வாந்தி எடுத்தாள். முகம் கழுவிக்கொண்டு உள்ளே போய், மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

முன்வரிசைப் பையன் ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். "என் கட்டுரையை மாடு தின்னிருக்கும் மிஸஸ் ஹெக்ஸ்டாட். பாவம் மாடு!" வகுப்பே சிரித்தது. இன்னொருவன், "மூணு மணி நேரமா?" என்று முனகினான். யாரும் அவளை அடித்துவிடவில்லை.

ட்வைலா மட்டும் சிரிக்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தாள். கதவருகே நின்று, "எழுதச் சொன்னதே நீங்கதானே" என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. போய்விட்டாள்.

அன்று இரண்டு தடவை ட்வைலாவின் விடுதிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள் மார்லிஸ். மணி அடிக்கும்போது, எடுத்துவிடுவாளோ என்று பயம். எடுக்காதபோது, இந்தப் பனியில் அந்தப் பெண் எங்கே போனாளோ என்று அதைவிடப் பெரிய பயம்.

வெள்ளிக்கிழமை ட்வைலா வந்தாள். யாரையும் பார்க்காமல் உட்கார்ந்து, சர்க்கரை ஆலைக்குப் பீட்ரூட் கிழங்கு ஏற்றும் லாரியைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். திங்கட்கிழமை அவளுக்கு மயிரிழையில் தேர்ச்சி கிடைத்தது, மற்றவர்களும் தேறினார்கள். மார்லிஸுக்கு ஒரு கடிதம் வந்தது: அடுத்த பருவமும் வேலை உண்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் இல்லை.

விடுமுறைக்கு முந்தின நாள் மத்தியானம் அடித்தள அறைக் கதவில் நிழல் தட்டியது. ட்வைலா. கையில் பயணப்பை.

"அதை நீங்க படிச்சீங்களா? கடைசியா அடிச்சுக் கொடுத்ததை?"

"காருக்குப் போறதுக்கு முன்னாடி, இங்கயே உட்கார்ந்து ரெண்டு தடவை படிச்சேன்."

"என்ன எழுதியிருந்தேன்னு சொல்லுங்க."

மார்லிஸ் பேனாவை மூடி வைத்தாள். ஒரு வார்த்தை தப்பினாலும் போச்சு. மொத்த வகுப்பு முன்னால்கூட இத்தனை பயப்படவில்லை. எதிர்நாற்காலியைக் காட்டினாள். ட்வைலா உட்காரவில்லை.

"உங்கண்ணன் சீட்டியடிச்சுக்கிட்டே ஏணியில ஏறினான்" என்று மெல்ல ஆரம்பித்தாள். "ஆகஸ்ட் மாசம். நீ கீழ நின்னுக்கிட்டிருந்தே. தானியம் சரியற சத்தம் மழை மாதிரி கேட்டுச்சுன்னு எழுதியிருந்தே. நீ கூப்பிட்டே, பதில் இல்ல. ஒத்தக்கால் செருப்போட வீட்டுக்கு ஓடினே. அவனோட சிவப்புத் தொப்பி ஏணிக் கம்பியில..."

"ஆரஞ்சு."

"ஆரஞ்சு. மன்னிச்சுக்கோ. ஆரஞ்சுத் தொப்பி கம்பியில மாட்டியிருந்துச்சு."

ட்வைலா பையைக் கீழே வைத்தாள்.

"அப்புறம்?"

மார்லிஸ் கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த பக்கத்தின் முதல் வரியைத் தேடினாள்.