நிழலைக் குறைத்தால் வண்டி ஓடும்

கம்ப்யூட்டர் கேம் திக்கித் திணறும்போது கிராபிக்ஸ் கார்டு செட்டிங்ஸைச் சரிசெய்து கொடுப்பதுதான் என் தொழில். பாதி ஆட்டத்தில் படம் நின்று, மவுசைத் தூக்கி எறியப் போனவர்களுக்கு என் அருமை தெரியும். என் அண்ணனுக்குத்தான் தெரியவில்லை. மன்னார்குடியில் கீழே அவருடைய உரக்கடை, மேலே என் ஒற்றை அறை. "குறுவைக்கு லோடு வர்ற வரைக்கும் இரு. அப்புறம் உன் ரூம்ல உர மூட்டை அடுக்கணும்" என்று கெடு வைத்துவிட்டார். வேறு இடம் பிடிக்க எனக்கு வசதி கிடையாது.

லீவிலும் டிரைவர்

அதிராம்பட்டினம் ரூட்டில் பஸ் ஓட்டும் டிரைவர் லீவு நாளில் என்ன செய்வார்? வீட்டில் உட்கார்ந்து பஸ் ஓட்டும் கேம் ஆடுவார். ஸ்டாண்டை விட்டுக் கிளம்பினாலே பஸ் விட்டுவிட்டு நகர்கிறது என்று லேப்டாப்போடு வந்தார் ஒருவர். பார்த்தால், சாலையோரப் புளியமரத்துக்கெல்லாம் இலை இலையாக நிழல் விழும்படி எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்திருக்கிறார். சின்ன கார்டு, பாவம், என்ன செய்யும்? நிழலைக் குறைத்தேன், தூரத்து மரங்களை மங்கலாக்கினேன். பஸ் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு டிரிப் அடித்துவிட்டு எழுந்தவர் சொன்னார்: "நம்ம டெப்போ வண்டியையும் ஒருநாள் மாடிக்குக் கொண்டாரவாம்மா?"

உள்ளே சும்மா இருந்தவர்

பாத்திரக்கடைக்காரர் ஒருவர் ஆசையாகப் புது கார்டு வாங்கி மாட்டினார். கேம் பழையபடியே இழுத்தது. "எல்லா செட்டிங்கையும் மாத்திப் பாத்துட்டேன், நல்லா ஏமாத்திட்டானுங்க" என்று விற்றவனோடு சண்டைக்குக் கிளம்பியவரை நிறுத்தி, வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மானிட்டர் வயரைக் கார்டில் செருகாமல் பழைய இடத்திலேயே விட்டிருக்கிறார். கார்டுக்கு வேலையே இல்லை. வயரைப் பிடுங்கிக் கார்டில் செருகினேன், படம் பளிச்சென்று ஓடியது. அவர் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இவரும் கல்யாணமானதுலேருந்து இப்படித்தான் சும்மா உக்காந்திருக்காரு. இவருக்கு எந்த வயரை மாத்தணும்னு சொல்லிட்டுப் போங்க."

லோடு வந்த நாள்

உர லாரி வந்து நின்ற அதே காலையில், பாபநாசத்திலிருந்து கவிதா என்ற பெண் கம்ப்யூட்டரை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அவளுக்கு ஆன்லைன் கார் ரேஸ் ஃபைனல். ஆடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் படம் உறைந்துபோகிறது. அண்ணன் மாடியேறி வந்து, "காலி பண்ணு ஜெசி, லோடுமேன் நிக்கிறாங்க" என்றார். "இந்த ஒண்ணை மட்டும் முடிச்சுக்கிறேண்ணே" என்றேன்.

பெட்டியைத் திறந்தேன். அவள் வீட்டை ஒட்டியே நெற்களமாம். அறுப்பில் பறந்த நெல்தூசி, சுணையெல்லாம் கார்டின் விசிறியில் அடைத்திருந்தது. ஊதித் தள்ளினேன், கையெல்லாம் அரித்தது. சூடு இறங்கியது, ஆனால் போதாது. நிழலையும் பளபளப்பையும் குறைத்து, படம் ஓடும் வேகத்துக்கும் ஒரு வரம்பு போட்டேன்.

ரேஸ் அங்கேயே தொடங்கியது. லோடுமேன்கள் ஒவ்வொருவராக மேலே வந்துவிட்டார்கள். அவர்களைத் திட்ட வந்த அண்ணனும், "இதுல நம்ம வண்டி எதும்மா?" என்று கேட்டபடி நின்றுவிட்டார். படம் ஓரிடத்திலும் நிற்கவில்லை. கடைசி வளைவில் முந்தி கவிதா ஜெயித்தாள். அறையே அதிர்ந்தது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் லோடுமேன்களிடம் சொன்னார்: "மூட்டையெல்லாம் நம்ம வீட்டு வராண்டாவுல எறக்குங்கப்பா, இங்க தங்கச்சிக்கு வேலை இருக்கு."

உரவாடை தாங்காமல் அண்ணி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார், அதற்கு மட்டும் எந்த செட்டிங்கைக் குறைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.