மைக்கைப் பார்த்ததும் வந்த வார்த்தை

எழுபதுகளின் கடைசியில் ஏற்காடு கடைவீதியில் ஒரு மாடிப் போர்ஷனில் நாங்கள் மூன்று பெண்கள் குடியிருந்தோம். நான் ஆஸ்பத்திரி நர்ஸ். மூத்தவள் பள்ளிக்கூட டீச்சர், எங்களுக்கு அக்கா. மூன்றாமவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஊரில் யார் ரிசீவரை எடுத்தாலும் முதலில் கேட்பது அவளுடைய "நம்பர் ப்ளீஸ்"தான்.

அவள் பாடுவாள். அடுப்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கும்போது மட்டும். எட்டிப் பார்த்தால் பாட்டு நின்றுவிடும். "மூஞ்சியப் பாத்தா தொண்டை அடைச்சுக்குதுங்க அக்கா" என்பாள். எனக்குப் பொறுக்கவில்லை. இப்படி ஒரு குரல் வெங்காயத்துக்கு மட்டுமா?

ஒரு சனிக்கிழமை சேலம் பொருட்காட்சியில் மெல்லிசைக் கச்சேரி. அக்காவின் தங்கை வீடு அம்மாபேட்டையில் இருந்ததால் ராத்தங்க இடம் உண்டு. மதிய பஸ்ஸிலேயே மலையிறங்கிவிட்டோம். மலையில் பழகிய புத்தி, அந்தச் சித்திரைப் புழுக்கத்திலும் மூன்று பேர் மடியிலும் ஸ்வெட்டர். டிரம்ஸ் அடிக்க அடிக்க எங்களுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிற அக்கா விசிலடிக்கப் பார்த்தாள், வெறும் காற்றுதான் வந்தது.

அப்போதெல்லாம் பிடித்த பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். நானும் ஒன்று அனுப்பினேன். பாட்டுக்குப் பதிலாக அவள் பேரை எழுதி, நன்றாகப் பாடுவாள், கூப்பிடுங்கள் என்று. அவளிடம் மூச்சு விடவில்லை.

கூப்பிட்டே விட்டார்கள்.

"ஏம்புள்ள, உன்ற வேலதான இது?" என்று அவள் என் தொடையில் கிள்ளியது ஒரு வாரம் கன்றிக் கிடந்தது. சுற்றியிருந்தவர்கள் கைதட்டி எழுப்பிவிட, வேறு வழியில்லாமல் மேடையேறினாள். ஆர்கெஸ்ட்ராக்காரர் மைக்கை நீட்டினார். எதிரே மைதானம் முழுக்க முகங்கள். வாயைத் திறந்தாள்.

"நம்பர் ப்ளீஸ்."

மொத்தக் கூட்டமும் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் முகம் சுண்டிப்போனது. இனி இவள் அடுப்படியில்கூடப் பாட மாட்டாள், கெடுத்தது நான்தான் என்று நினைத்தேன். என்ன செய்கிறேன் என்று தெரியாமலே எழுந்து நின்று, தினமும் அவளிடம் கேட்கிற டாக்டர் பங்களா நம்பரைத் தொண்டை கிழியக் கத்தினேன்.

"லைன்ல இருங்க" என்றாள், பழக்க தோஷத்தில். சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். அப்புறம் மைக்கோடு திரும்பி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, எங்கள் அடுப்படிச் சுவரைப் பார்ப்பதுபோல் பின்னால் தொங்கிய படுதாவைப் பார்த்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள். பல்லவி, முதல் சரணம். சிரித்த கூட்டம் கப்சிப் என்று ஆனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இடையிசையில் என்ன தோன்றியதோ, எங்களைத் தேடித் திரும்பினாள். அவ்வளவுதான், அத்தனை முகத்தையும் பார்த்ததும் தொண்டை அடைத்துவிட்டது. கும்பிடு போட்டுவிட்டு, கைதட்டலுக்கு நடுவே இறங்கி ஓடிவந்தாள்.

அம்மாபேட்டை போகும்வரை ஒரே புலம்பல். "ரெண்டாஞ் சரணம் போச்சே. அதுதான் எனக்கு நொம்பப் புடிச்சது." அக்காவும் நானும் நடுரோட்டில் அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தோம்.

திங்கட்கிழமை வார்டில் ரிசீவரை எடுத்தேன்.

"நம்பர் ப்ளீஸ்."

டாக்டர் பங்களா நம்பரைச் சொன்னேன். யாரென்று அவளுக்குத் தெரியும்.

"லைன்ல இருங்க" என்றாள். மணி அடிக்கவில்லை. கம்பிக்குள்ளிருந்து அந்த ரெண்டாம் சரணம் வந்தது, ஒரு வரி விடாமல். முடித்துவிட்டு, அசல் ஆபரேட்டர் குரலில், "பேசுங்க" என்று டாக்டருக்கு இணைத்தாள்.

அந்தப் பக்கம் டாக்டர் ஹலோ ஹலோ என்கிறார். இந்தத் தடவை தொண்டை அடைத்துக்கொண்டது எனக்கு.